குருதியில் வரும் முதுசம்

எங்கள் குடும்பங்களில் ஒரு கலியாணப் பேச்சு எழுந்தால் விசாரிக்கப்படாத காரியம் இல்லை. காணி எவ்வளவு, வீடு எங்கே, படிப்பு என்ன, உத்தியோகம் நிரந்தரமானதா, வெளிநாட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்றெல்லாம் கேட்கிறோம். தாய்வழி முதுசம் எது, தகப்பன்வழி முதுசம் எது என்று உறுதிகளையும் புரட்டிப் பார்க்கிறோம். ஆனால் பிறக்கப்போகும் பிள்ளைக்குத் தாயும் தகப்பனும் தவறாமல் கொடுத்துவிடும் வேறொரு முதுசம் உண்டு. அதை எந்த நொத்தாரிசும் எழுதுவதில்லை. அது குருதியில் இருக்கிறது. அதைப் பற்றிக் கேட்பதற்கு மட்டும் நமக்கு நா எழுவதில்லை.

அன்பார்ந்த வாசகர்களே, இவ்வாரப் பாடம் அந்த முதுசத்தைப் பற்றியது. தலசீமியா என்னும் பரம்பரைக் குருதி நோய் எத்தகையது, அந்நோயால் வருந்தும் குடும்பங்களோடு நெடுங்காலம் பழகிய ஓர் ஆராய்ச்சியாளர் கண்டறிந்தவை எவை, கத்தோலிக்க மனச்சாட்சி அவற்றை எவ்வாறு நோக்கவேண்டும் என்பவற்றை இங்கு ஆராய்வோம். விவாக வயதில் பிள்ளைகள் உள்ள பெற்றோர், அவர்களையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு இதனை வாசிப்பது நன்று.

நோய் எத்தகையது?

நம் குருதிக்குச் செந்நிறத்தைக் கொடுப்பது ஈமோகுளோபின் என்னும் பொருள். நாம் சுவாசிக்கும் ஒட்சிசனை உடலெங்கும் சுமந்து செல்வதும் அதுவே. அதனை ஆக்குவதற்கான கட்டளை நமது பரம்பரையலகுகளில் அடங்கியிருக்கிறது. அக்கட்டளையில் குறை இருந்தால் ஈமோகுளோபின் போதிய அளவு உண்டாவதில்லை. செங்குழியங்கள் முற்றாக உருவாகுமுன்பே என்பு மச்சையில் அழிந்துபோகின்றன.

தாயின் வயிற்றில் வளரும் சிசு வேறொரு வகை ஈமோகுளோபினைப் பயன்படுத்துகிறது. ஆகையால் பிறக்கும்போது பிள்ளையில் ஒரு குறையும் தெரியாது. பிறந்து சில மாதங்களில் அந்த முதல் வகை குறைந்து, வளர்ந்தோருக்குரிய வகை உண்டாக வேண்டிய வேளையிலேயே நோய் தலைகாட்டும். பிள்ளை வெளிறிப்போகும்; பால் குடிக்கக் களைக்கும்; வளர்ச்சி குன்றும். மண்ணீரலும் ஈரலும் வீங்குவதால் வயிறு முன்தள்ளும். சிகிச்சை கிடையாவிட்டால் கடுமையான தலசீமியா உள்ள பிள்ளைகளில் பெரும்பாலானோர் சிறு பிராயத்திலேயே இறந்துபோவர். 1925ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெட்ரோயிற் நகரச் சிறுவர் வைத்தியர் தோமஸ் கூலி இந்நோயைத் தனியொரு நோயாக இனங்கண்டு எழுதினார். மத்தியதரைக் கடலோரத்து மக்களின் பிள்ளைகளிடம் முதலில் காணப்பட்டமையால், கடல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லைக்கொண்டு 1932இல் இதற்குத் தலசீமியா என்ற பெயர் வழங்கப்பட்டது.

இன்று சிகிச்சை உண்டு. மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பிள்ளைக்குக் குருதி ஏற்றவேண்டும். ஆயுள் உள்ளவரை இது தொடரும். ஏற்றப்படும் ஒவ்வொரு பை குருதியோடும் ஏறத்தாழ 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உடலுக்குள் போகிறது. உடலுக்கோ மிகையான இரும்பை வெளியேற்றும் வழி இல்லை. அது இருதயத்திலும் ஈரலிலும் சுரப்பிகளிலும் படிந்து அவற்றைக் கெடுக்கிறது. பருவமடைதல் பிந்துவதும், பிற்காலத்தில் பிள்ளைப்பேறு இல்லாமற் போவதும் இப்படிவினாலேயே நேர்கின்றன. இரும்பை அகற்றும் மருந்தை முன்னாளில் தோலின் கீழ் ஊசி செருகி, சிறு பம்பியின் உதவியால் இரவில் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம், வாரத்தில் ஐந்தாறு நாட்கள் செலுத்தவேண்டியிருந்தது. இக்காலத்தில் வாயால் உட்கொள்ளும் மாத்திரைகளும் உள்ளன. முறையாகச் சிகிச்சை பெற்றோர் பலர் படித்து, தொழில் பார்த்து, விவாகமும் செய்து, பிள்ளைகளையும் பெற்றிருக்கிறார்கள். ஆகவே இந்நோய் கண்ட பிள்ளையை விதி முடிந்த பிள்ளை என்று எவரும் எண்ணக்கூடாது.

முதுசம் இறங்கும் விதம்

இதனைச் சற்று ஊன்றி வாசியுங்கள். ஈமோகுளோபினை ஆக்கும் கட்டளை நம் ஒவ்வொருவரிடமும் இரண்டு பிரதிகளாக இருக்கிறது. ஒன்று தாயிடமிருந்து வந்தது. மற்றது தகப்பனிடமிருந்து வந்தது. இரண்டில் ஒன்று நல்லதாயிருந்தாற் போதும், மனிதர் சுகமாக வாழலாம். ஒரு நல்ல பிரதியும் ஒரு குறையுள்ள பிரதியும் உடையவரை வைத்தியர்கள் 'காவி' என்பார்கள். காவி நோயாளி அல்லர். வயலில் வேலை செய்வார், விளையாடுவார், நீண்ட ஆயுளும் பெறுவார். குருதியைச் சோதித்தாலன்றி அவர் காவி என்பது அவருக்கே தெரியாது.

காவி ஒருவர் காவியல்லாத ஒருவரை விவாகம் செய்தால், பிள்ளைகளில் எவருக்கும் கடுமையான நோய் வராது. சிலர் பெற்றோரைப் போலக் காவியாயிருக்கக்கூடும், அவ்வளவே. இரு காவிகள் தம்முள் விவாகம் செய்தாலோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு நோய்க்கு இடமுண்டு. நாலில் இரண்டு பங்கு காவியாவதற்கு இடமுண்டு. நாலில் ஒரு பங்கு முற்றிலும் குறையின்றிப் பிறக்க இடமுண்டு.

இங்கேதான் பல குடும்பங்கள் தவறாக விளங்கிக்கொள்கின்றன. மூத்த பிள்ளைக்கு நோய் வந்துவிட்டது, இனிப் பிறக்கும் மூன்றும் சுகமாயிருக்கும் என்று சிலர் ஆறுதல் கொள்கிறார்கள். கணக்கு அப்படி அல்ல. இரண்டு நாணயங்களை ஒன்றாகச் சுண்டிப் பாருங்கள். இரண்டிலும் பூ விழுவதற்கு நாலில் ஒரு பங்கு இடமுண்டு. ஒருமுறை இரண்டும் பூவாக விழுந்துவிட்டது என்பதற்காக, அடுத்தமுறை விழாது என்று நாணயத்துக்குத் தெரியுமா? ஒவ்வொரு கருப்பமும் அவ்வாறே புதிதாகச் சுண்டப்படும் நாணயம்.

இன்னொன்றையும் தாய்மார் அறிந்திருக்கவேண்டும். காவியான பெண்ணுக்குக் கருப்ப காலத்தில் இலேசான குருதிச்சோகை தென்படலாம். அது இரும்புக் குறைவினால் வந்ததா, தலசீமியாக் காவியாயிருப்பதனால் வந்ததா என்று சோதித்தே அறியவேண்டும். இரண்டும் ஒருங்கே இருப்பதும் உண்டு. இரும்பு மாத்திரை நெடுநாள் குடித்தும் சோகை தீராதிருந்தால், மேலும் சோதிக்கும்படி வைத்தியரைத் தயங்காமற் கேளுங்கள்.

இதில் வெட்கத்துக்கு இடமில்லை

ஒரு குடும்பத்தில் இந்நோய் தோன்றினால், செய்த பாவம், மூதாதையர் சாபம், சூனியம் என்றெல்லாம் ஊர் பேசும். மாமியார் மருமகளைக் குறை சொல்வார். மருமகளின் வீட்டார் மாப்பிள்ளையின் இரத்தத்தைக் குறை சொல்வர். இரு பக்கமும் வராமல் இந்நோய் வருவதே இல்லை என்பதை மேலே கண்டோம். ஆகையால் ஒருவர் மற்றவரைக் குற்றஞ்சாட்டுவதற்கு விஞ்ஞானத்தில் இடமே கிடையாது.

விசுவாசத்திலும் இடமில்லை. புனித அருளப்பரின் நற்செய்தி 9ஆம் அதிகாரத்தில் பிறவிக் குருடன் ஒருவனைக் கண்ட சீடர்கள், பாவம் செய்தவன் இவனா, இவனுடைய பெற்றோரா என்று ஆண்டவரைக் கேட்கிறார்கள். இருவரும் அல்லர் என்பதே அவருடைய மறுமொழி. அந்த மறுமொழி நமது திண்ணைப் பேச்சுக்கும் பொருந்தும்.

உண்மையில் இந்தக் குறை நம் முன்னோரைக் காத்த கவசம் எனலாம். தலசீமியாக் காவிகள் மலேரியாக் காய்ச்சலின் கொடுமையைத் தாங்கிப் பிழைத்திருக்கவேண்டும் என்று ஆங்கில விஞ்ஞானி ஹோல்டேன் 1949ஆம் ஆண்டளவில் கருதினார். அக்கருத்துப் பின்னர் ஆய்வுகளால் வலுப்பெற்றது. மலேரியா பரவியிருந்த மத்தியதரைக் கடலோரம், மத்திய கிழக்கு, இந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா ஆகிய இடங்களிலெல்லாம் இக்குறை மிகுந்திருப்பதற்குக் காரணம் இதுவே. நமது நாட்டின் வறண்ட பகுதிகளில் அக்காய்ச்சல் செய்த அழிவை முதியோர் அறிவர். 2016ஆம் ஆண்டில் இலங்கை மலேரியாவிலிருந்து விடுபட்ட நாடு என உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது. காய்ச்சல் போய்விட்டது. கவசம் மட்டும் குருதியில் தங்கிவிட்டது.

குடும்பங்களிடம் கற்ற ஆராய்ச்சியாளர்

லூர்து நகர்ப் புனிதையின் பெயரைத் தாங்கிய பேர்னடெற் மொடெல் என்னும் ஆங்கிலேய வைத்தியர், லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் சமூகப் பரம்பரையியல் பேராசிரியராக விளங்கியவர். சைப்பிரஸ் தீவிலிருந்து லண்டனில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் பலர் தலசீமியாவினால் வருந்தினர். அப்பிள்ளைகளுக்குச் சிகிச்சை அளித்தவர்களுள் அவர் ஒருவர். நோயாளிப் பிள்ளையை மட்டும் பார்த்து அனுப்பிவிடாமல், பெற்றோர் அடுத்த பிள்ளையைப் பற்றி என்ன எண்ணுகிறார்கள் என்பதையும் ஆராய்ந்தது அவருடைய பணியின் சிறப்பு.

1980ஆம் ஆண்டில் அவரும் உடன் பணியாற்றியோரும் வெளியிட்ட ஆய்வு ஒன்று நம்மைச் சிந்திக்கவைக்கிறது. ஆபத்து உண்டு என்று அறிந்த தம்பதிகள், கருவிலிருக்கும் சிசுவைச் சோதிக்கும் முறை வருமுன்னர், பிள்ளை பெறுவதையே ஏறக்குறைய நிறுத்திவிட்டார்கள். எதிர்பாராமல் உண்டான கருப்பங்களிலும் பத்தில் ஏழு, நாலில் ஒரு பங்கு ஆபத்துக்கு அஞ்சியே கலைக்கப்பட்டன. அப்படியானால் கலைக்கப்பட்ட சிசுக்களில் பெரும்பாலானவை சுகமான சிசுக்கள் அல்லவா? சோதனை முறை வந்தபின் தம்பதிகள் மீண்டும் பிள்ளைகளைப் பெற்றார்கள், கலைப்பும் குறைந்தது. ஆனால் நோய் உண்டு எனக் கண்ட சிசுக்கள் கலைக்கப்பட்டன. இதனை மறைக்காமற் சொல்லவேண்டும். அங்கே நாம் அந்த ஆராய்ச்சியாளரோடு உடன்பட முடியாது. ஆயினும் அந்த ஆய்வு காட்டும் உண்மை ஒன்றை நாம் தள்ளிவிடவும் முடியாது. அச்சமும் அறியாமையும் சேர்ந்த இடத்தில், பிறவாத உயிர்களுக்கே பேராபத்து.

நோயோடு பிறந்தவர்களையும் மொடெல் அம்மையார் மறந்துவிடவில்லை. பிரித்தானியாவிலுள்ள தலசீமியா நோயாளர் அனைவரையும் ஒரு பதிவேட்டில் சேர்த்து, அவர்கள் எவ்வளவு காலம் வாழ்கிறார்கள் என்று ஆராய்ந்தார். கடுமையான நோயுள்ளவர்களில் பாதிப்பேர் 35 வயதுக்குள் இறந்துபோகிறார்கள் என்று 2000ஆம் ஆண்டில் அவர் வெளியிட்டார். மருந்து இருந்தும் இத்தனை மரணம் ஏன்? இரவு முழுவதும் ஊசியோடு படுத்திருக்கும் சிகிச்சையை இளைஞர் பலர் தாங்கமாட்டாமற் கைவிட்டனர். இருதயத்தில் படியும் இரும்பை அளக்கும் முறையும் மாத்திரைகளும் வந்தபின் மரணங்கள் பெரிதும் குறைந்தன என்று 2008இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அதே ஆண்டில் அவர் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் வெளியிட்ட கணக்கின்படி, ஈமோகுளோபின் சார்ந்த பரம்பரை நோய்களுடன் ஆண்டுதோறும் 330,000க்கு மேற்பட்ட குழந்தைகள் உலகில் பிறக்கிறார்கள்.

சொந்தத்துக்குள் விவாகம்

சொந்தத்துக்குள் விவாகம் செய்யும் வழக்கமுள்ள சமூகங்களைப் பற்றியும் அவர் ஆராய்ந்தார். அவரும் சமூகவியலாளர் ஆம்ரா டாரும் 2002ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை, அவ்வழக்கத்தை இகழ்ந்து பேசுவதால் நன்மை விளையாது என்று வற்புறுத்துகிறது. வைத்தியர் தம் வழக்கத்தைப் பழிக்கிறார் என்று கண்டால் மக்கள் வைத்தியரைத் தேடிப் போகமாட்டார்கள். வழக்கத்தை மதித்துக்கொண்டே, குடும்பம் முழுவதற்கும் அறிவைக் கொடுப்பதே வழி.

அதே ஆண்டில் பாகிஸ்தானிய வைத்தியர் ஒருவரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. பாகிஸ்தானில் நோயுற்ற பிள்ளை ஒன்று கண்டறியப்பட்ட பத்துப் பெருங்குடும்பங்களில் உறவினரைச் சோதித்தபோது, பத்துக்கு மூன்று பேர் காவிகளாயிருந்தனர். நோயுற்ற பிள்ளை இல்லாத ஐந்து குடும்பங்களிலோ ஒருவரும் காவியாயிருக்கவில்லை. இதன் கருத்து என்ன? ஒரு பிள்ளைக்கு நோய் கண்டால், அந்தச் செய்தி அப்பிள்ளையின் பெற்றோருக்கு மட்டும் உரியதன்று. பெரியப்பா, சித்தப்பா, மாமா, மாமி, அவர்களுடைய பிள்ளைகள் யாவரும் அறியவேண்டிய செய்தி அது.

நம்மிடையே மச்சான் மச்சாள் விவாகம் புதிதல்ல. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டக்கோவைப்படி, உடன்பிறந்தாரின் பிள்ளைகள் ஒருவரையொருவர் விவாகம் செய்வதற்குத் தடையுண்டு. ஆயரின் விதிவிலக்கு இன்றி அத்தகைய விவாகம் செல்லுபடியாகாது. விதிவிலக்குக் கேட்டு மனுச் செய்பவர்கள் பலர், கோவிலில் நிரப்பவேண்டிய ஒரு கடதாசி என்றே அதை எண்ணுகிறார்கள். ஒரே பாட்டன் பாட்டியிடமிருந்து ஒரே குறை இருவருக்கும் இறங்கியிருக்கக்கூடும் என்பதை அந்த வேளையிலாவது நினைத்துப் பார்க்கவேண்டாமா? அதற்காக, அந்நியத்தில் செய்தால் ஆபத்தே இல்லை என்றும் எண்ணிவிடாதீர்கள். உறவே இல்லாத இருவரும் காவிகளாயிருக்கலாம்.

நமது நாட்டிலேயே இதற்குச் சான்றுண்டு. ஒக்ஸ்போர்ட் பேராசிரியர் டேவிட் வெதரோல் இலங்கை வைத்தியர்களுடன் சேர்ந்து செய்த ஆய்வு 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. நாட்டின் பல பாகங்களிலும் பாடசாலை மாணவரைச் சோதித்தபோது, நூற்றுக்கு இரண்டுக்குச் சற்று மேற்பட்டோர் இந்நோயின் காவிகளாயிருந்தனர். குருநாகல் வைத்தியசாலையில் தேசிய தலசீமியா நிலையம் இயங்கிவருவதையும் வாசகர்களிற் சிலர் அறிந்திருப்பீர்கள்.

ஒரு தீவு காட்டிய வழி

சைப்பிரஸ் சிறிய தீவு. அங்கே ஏழு பேருக்கு ஒருவர் என்ற அளவில் காவிகள் இருந்தனர். பிறக்கும் நோயாளர் அனைவருக்கும் குருதியும் மருந்தும் கொடுக்க நாட்டின் செல்வம் போதாது என்ற நிலை 1970களில் தோன்றியது. 1983ஆம் ஆண்டு தொடக்கம் அத்தீவின் ஒதொடொக்ஸ் திருச்சபை, விவாகம் செய்ய வருவோர் குருதிச் சோதனை செய்துகொண்டதற்கான சான்றிதழைக் கேட்கலாயிற்று. சோதனையின் முடிவு அச்சான்றிதழில் எழுதப்படுவதில்லை. இருவரும் சோதிக்கப்பட்டு ஆலோசனை பெற்றனர் என்பதை மட்டுமே அது கூறும். இருவரும் காவிகளானாலும் குருவானவர் விவாகத்தைத் தடுப்பதில்லை.

இந்த ஏற்பாட்டில் மெச்சத்தக்கது உண்டு, எச்சரிக்கையும் உண்டு. நாடு முழுவதும் வெட்கமின்றிச் சோதனைக்குப் போகப் பழகியது மெச்சத்தக்கது. ஆனால் சோதனை விவாகத்துக்குச் சற்று முன்னரே நடந்தமையால், தாங்கள் காவிகள் என்று அறிந்த சோடிகளில் மிகப் பெரும்பாலானோர் பிரியவில்லை. அந்நேரம் உள்ளங்கள் ஒன்றிவிட்டன; மண்டபமும் பேசியாயிற்று. பின்னர் அவர்களிற் பலர் கருவில் சோதித்து, நோயுள்ள சிசுவைக் கலைத்தனர். அத்தீவில் தலசீமியாவுடன் பிறப்போர் தொகை ஏறக்குறைய இல்லாமற் போனதற்கு அதுவே பெருங் காரணம். நாம் கற்கவேண்டிய பாடம் தெளிவு. சோதனை நல்லது; ஆனால் அது கலியாணப் பேச்சு முற்றியபின் வந்தால் பிந்திவிடும்.

திருச்சபை என்ன சொல்கிறது?

இத்தகைய சோதனை கடவுளின் சித்தத்துக்குள் தலையிடுவதாகாதா என்று விவாக ஆயத்த வகுப்புகளில் சிலர் கேட்பதுண்டு. இந்தக் கேள்வி உரோமையில் என்றோ எழுந்துவிட்டது. இத்தாலி நாட்டிலும் தலசீமியா மிகுதி. சில்வெஸ்த்ரோனி, பியாங்கோ என்னும் வைத்தியத் தம்பதிகள் 1940களிலேயே அங்கு சுகதேகிகளான காவிகளைக் கண்டறிந்து வந்தனர். 1958ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் உரோமையில் கூடிய குருதியியல் வைத்தியர்களுக்குப் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் உரையாற்றியபோது, இந்நோயையே குறிப்பிட்டுப் பேசினார். விவாகத்துக்கு முன் குருதியைச் சோதிக்கும்படி ஆலோசனை கூறுவது தகும் என்றார். காவிகளாகிய இருவர் தம்முள் விவாகம் செய்யாதிருக்கும்படி புத்தி சொல்லவும் கூடும். ஆனால் தடைசெய்யக் கூடாது, ஏனெனில் விவாகம் மனிதனின் அடிப்படை உரிமைகளுள் ஒன்று என்றும் விளக்கினார். ஆகவே சோதனையைத் திருச்சபை அஞ்சவில்லை. கட்டாயப்படுத்துவதையே அது ஏற்பதில்லை.

1968ஆம் ஆண்டில் 6ஆம் சின்னப்பர் வெளியிட்ட 'மனித உயிர்' என்னும் சுற்றுமடல், பொறுப்புள்ள பெற்றோராயிருப்பதைப் பற்றிக் கூறுகிறது. தக்க பெருங் காரணம் இருந்தால், ஒழுக்கநெறிக்கு அமைந்த வழியில், சில காலத்துக்கோ காலவரையின்றியோ மேலும் பிள்ளை பெறாதிருக்கத் தம்பதிகள் தீர்மானிக்கலாம். இரு காவிகளுக்கு இது பெருங் காரணம் அல்லவென்று யார் சொல்லக்கூடும்? இயற்கை முறையைக் கற்றுக்கொள்ள அத்தகைய தம்பதிகளுக்குப் பங்கு துணைநிற்க வேண்டும்.

1987ஆம் ஆண்டில் விசுவாசக் கோட்பாட்டுச் சபை வெளியிட்ட போதனை, கருவிலிருக்கும் சிசுவைச் சோதிப்பதைப் பற்றித் தெளிவாக வரையறுக்கிறது. சிசுவின் உயிரையும் உடலையும் மதித்து, அதைக் காக்கவோ குணமாக்கவோ செய்யப்படும் சோதனை குற்றமாகாது. நோய் கண்டால் கலைத்துவிடலாம் என்ற எண்ணத்தோடு செய்வது பெருங் குற்றமாகும். பரிசோதனைக் குழாயில் பல கருக்களை உருவாக்கி, குறையுள்ளவற்றைக் கழித்துவிடும் முறையையும் திருச்சபை ஏற்பதில்லை. குறையுள்ள கருவும் மனித உயிரே. மேலும், தாயின் உயிரைக் காக்கும் பொருட்டன்றிக் கருக்கலைப்பு இலங்கைச் சட்டத்தின்படியும் குற்றமே. ஆகையால் மனச்சாட்சியும் சட்டமும் ஒருங்கே நமக்குக் காட்டும் வழி ஒன்றுதான். முன்கூட்டியே அறியவேண்டும்.

ஏற்கெனவே விவாகம் செய்துவிட்ட காவிகளுக்கு என்ன சொல்வது? உங்கள் விவாகம் முழுமையான அருட்சாதனம். அதில் ஒரு குறையும் இல்லை. பிள்ளை பெறுவதா, பொறுத்திருப்பதா, அநாதைக் குழந்தையொன்றைத் தத்தெடுத்து வளர்ப்பதா என்பதை இருவரும் செபித்து, வைத்தியருடனும் குருவானவருடனும் பேசித் தீர்மானியுங்கள். மாமியாரும் அயலவரும் தீர்மானிக்கவேண்டிய விடயம் அன்று இது. நோயுள்ள பிள்ளை பிறந்தால், அது உங்களுடைய பிள்ளை மட்டுமன்று, பங்கின் பிள்ளையுமாகும். கருக்கலைப்பு வேண்டாம் என்று பிரசங்கிக்கும் சமூகம், பிறந்த பிள்ளைக்குக் குருதி கொடுக்கப் பின்னின்றால் அந்தப் பிரசங்கத்தை யார் நம்புவர்?

நாம் செய்யவேண்டியவை

முதலாவது, பதினெட்டு இருபது வயதை எட்டிய பிள்ளைகளை, கலியாணப் பேச்சு எதுவும் எழுமுன்பே, ஒருமுறை தலசீமியாவுக்காகச் சோதிப்பியுங்கள். சிறிதளவு குருதி போதும். செங்குழியங்களின் அளவை முதலில் பார்ப்பார்கள். அவை சிறுத்திருந்தால் ஈமோகுளோபினின் வகைகளைப் பிரித்துப் பார்ப்பார்கள். அரசினர் வைத்தியசாலையிலோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ விசாரித்தால் வழி சொல்வார்கள். இது ஆயுளில் ஒருமுறை செய்யவேண்டிய சோதனை; முடிவைப் பத்திரமாக வைத்திருங்கள்.

இரண்டாவது, பிள்ளை காவி என்று தெரிந்தால் அதனைக் குறையாக எண்ணாதீர்கள்; மறைக்கவும் வேண்டாம். பேச்சு வரும்போது மறுபக்கத்தாரிடம் நேர்மையாகச் சொல்லி, அவர்களையும் சோதிக்கச் சொல்லுங்கள். மறுபக்கத்தவர் காவியல்லர் என்றால் அச்சமின்றி விவாகத்தை நடத்தலாம். மறைத்துக் கட்டிவைத்த விவாகத்தில் பிள்ளை நோயுறும் நாளில், நோயின் வேதனையோடு வஞ்சகத்தின் வேதனையும் சேர்ந்துகொள்ளும்.

மூன்றாவது, ஒருவர் காவி என்று சொன்னதை ஊர்ப் பேச்சாக்காதீர்கள். பிறர் இரகசியத்தைக் காப்பதும் பிறர் அன்பே. இரண்டு குமர்ப்பிள்ளைகள் உள்ள தாய் சோதனைக்கு அஞ்சுவதற்குக் காரணம் ஊசியன்று, நம் நாக்கு.

நான்காவது, குருதி கொடுங்கள். மே மாதம் 8ஆம் திகதி உலகத் தலசீமியா நாளாக நினைவுகூரப்படுகிறது. மாதாவின் வணக்க மாதமாகிய அம்மாதத்தில், ஒவ்வொரு பங்கும் ஒரு குருதிக்கொடை முகாமை நடத்தினால், பல பிள்ளைகளின் அடுத்த மாதத்து உயிருக்கு அது உறுதியாகும்.

குடும்பத்தில் கலந்துபேச

1. நமது குடும்பத்தில், இரு பக்கத்திலும், சிறு வயதில் வெளிறி நலிந்து இறந்த பிள்ளைகள் இருந்தார்களா? முதியோரிடம் கேட்டறிவோமா?

2. கலியாணப் பேச்சில் சீதனத்தை வெளிப்படையாகக் கேட்கும் நாம், சுகத்தைப் பற்றிக் கேட்க ஏன் வெட்கப்படுகிறோம்?

3. நம் மகளோ மகனோ காவி என்று தெரியவந்தால், முதலில் யாரிடம் சொல்வோம்? எதற்காக அஞ்சுவோம்?

4. நமது பங்கில் தீரா நோயுள்ள பிள்ளை இருக்கும் வீடு எது? அங்கே கடைசியாக எப்பொழுது போனோம்?

இவ்வாரக் குடும்பச் செபமாலையில் ஒரு பத்து மணியை, மாதந்தோறும் குருதிக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒப்புக்கொடுங்கள். செபம் முடிந்ததும், பிள்ளைகளைச் சோதனைக்குக் கூட்டிப்போகும் நாளையும் குறித்துக்கொள்ளுங்கள்.